குடையா, முழுக்கைச் சட்டையா, சன்ஸ்கிரீனா: வேலூர் வெயிலுக்கு எது பொருந்தும்?

வேலூர்க்காரர்களுக்கு வெயிலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை. நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று ஊரைப் பற்றி ஊராரே கேலி பேசிக்கொள்ளும் இடத்தில், வெயில் வீட்டு உறுப்பினரைப் போலவே நடத்தப்படுகிறது. ஆனால் அந்த வெயிலிலிருந்து முகத்தையும் கையையும் எப்படிக் காப்பது என்று கேட்டால் பதில்கள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. மருந்துக்கடையில் சன்ஸ்கிரீனை எடுத்து நீட்டுகிறார்கள். வீட்டில் பெரியவர்கள் கஸ்தூரி மஞ்சளையும் தயிரையும் சொல்கிறார்கள். கல்லூரிக்குப் போகும் பெண்கள் துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொள்கிறார்கள். குடை ஒன்று போதாதா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஐந்நூறு ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு இவற்றில் எதை முதலில் வாங்குவது என்று தடுமாறுகிறவர்களுக்காக இந்த ஒப்பீடு.

## எதை வைத்து ஒப்பிடுவது

சூட்டை வைத்து வெயிலை எடைபோடுவது நம் பழக்கம். கத்திரி வெயில் என்றால் பயப்படுகிறோம், ஆடி முடிந்து மேகம் போட்டால் தைரியமாக வெளியே நடக்கிறோம். தோலைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு தவறாகப் போகும். தோலைக் கறுக்கவைப்பதும் சுருங்கவைப்பதும் புற ஊதாக் கதிர்கள்; அவற்றுக்குச் சூடு கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. வேலூர் ஏறத்தாழ 13 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், சூரியன் ஆண்டுக்கு இருமுறை நம் உச்சந்தலைக்கு நேராக வருகிறது: ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒருமுறை, ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் மறுமுறை. எனவே வானம் தெளிவாக இருக்கும் ஆகஸ்ட் நண்பகல், காற்று கொஞ்சம் குளிர்ந்திருந்தாலும், புற ஊதாக் கதிர் கணக்கில் ஏப்ரலுக்குச் சளைத்ததன்று. மெல்லிய மேகத்தை இந்தக் கதிர்களில் பெரும்பகுதி கடந்து வந்துவிடும். ஏலகிரிக்குப் போனால் குளிர்ச்சியாக இருக்கிறது என்று தொப்பியைக் கழற்றிவிடுகிறோம்; உண்மையில் ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிரின் அளவு பத்து விழுக்காட்டை ஒட்டி உயர்கிறது.

உலக சுகாதார நிறுவனம் வகுத்த புற ஊதாக் குறியீட்டில் 3ஐத் தொட்டாலே பாதுகாப்பு தேவை, 8 முதல் மிக அதிகம், 11 முதல் உச்சம். நம் பகுதியில் கோடை நண்பகலில் இது 11ஐத் தாண்டுவது சாதாரணம். இந்த எண்ணைக் கைபேசியின் வானிலைச் செயலிகளிலேயே பார்க்கலாம். வெப்பநிலைக்குக் கீழே இருக்கும் அந்த வரியை நம்மில் பலர் படிப்பதில்லை.

கதிர்களில் இரண்டு வகைகளை மட்டும் நினைவில் வைத்தால் போதும். புற ஊதா-பி தோலின் மேற்பரப்பைச் சுட்டுச் சிவக்கவும் எரியவும் வைக்கும். புற ஊதா-ஏ இன்னும் ஆழத்துக்குப் போய், நிறத்தைக் கூட்டி, தோலின் இழுவைத் தன்மையைக் குலைக்கும். சன்னல் கண்ணாடி முதல் வகையைப் பெரும்பாலும் நிறுத்திவிடும், இரண்டாம் வகையில் கணிசமான பகுதியை உள்ளே விடும். காரின் முன்கண்ணாடி இரண்டு அடுக்குகளாக ஒட்டப்பட்டது என்பதால் நன்றாகவே தடுக்கும். பக்கக் கண்ணாடிகள் அவ்வளவு தடுப்பதில்லை. நாள் முழுவதும் வண்டி ஓட்டும் ஓட்டுநர்களின் வலக்கை இடக்கையைவிடக் கறுத்திருப்பதற்கு இதுவும், திறந்துவைத்த சன்னலும் காரணம்.

மாநிறத் தோலுக்கு எதிலிருந்து பாதுகாப்பு வேண்டும் என்பதும் தெளிவாக வேண்டும். தோலில் மெலனின் என்னும் நிறமி நிறைய இருப்பதால் வெயிலால் வரும் தோல் புற்றுநோய் வெள்ளைத் தோல் உடையவர்களைவிட நம்மிடையே மிகவும் குறைவு. நம்முடைய தொல்லைகள் வேறு: கன்னத்திலும் மேலுதட்டிலும் படரும் மங்கு, முகப்பரு ஆறிய இடத்தில் மாதக்கணக்கில் நிற்கும் கறை, திட்டுத்திட்டான நிறம், நாற்பதைத் தாண்டியதும் கழுத்திலும் புறங்கையிலும் தெரியும் தளர்ச்சி. கண்ணில் புரையும், விழியின் மேல் வளரும் சதையும்கூட இந்தக் கணக்கில் சேரும்.

ஆகவே ஒவ்வொரு வழியையும் நான்கு கேள்விகளால் சோதிக்கிறேன். கதிரை எவ்வளவு தடுக்கிறது? வியர்வையும் நேரமும் அதைக் குறைக்கின்றனவா? மாதத்துக்கு என்ன செலவு, வெளியில் தெரியாத செலவு என்ன? செய்யும் வேலைக்கும் ஊரார் பார்வைக்கும் அது ஒத்துவருமா? கடைசிக் கேள்வியை மருத்துவக் கட்டுரைகள் கேட்பதில்லை. எவ்வளவு நல்ல வழியானாலும் கூச்சத்தால் வீட்டிலேயே விட்டுச் செல்லப்பட்டால் அதன் தடுக்கும் திறன் சுழியம்தான்.

## முதல் வழி: நேரத்தை நகர்த்துவது

காசு செலவில்லாத வழி இதுதான். ஒரு நாளில் விழும் புற ஊதாக் கதிரில் ஏறத்தாழ 60 விழுக்காடு காலை பத்து மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் இடையில் விழுகிறது. நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறத்தாழ பன்னிரண்டேகால் மணிக்கு. காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை நான்கரைக்குப் பின்பும் வெளிவேலையை முடித்துக்கொள்ள முடிந்தவருக்கு வேறு எதுவும் பெரிதாகத் தேவைப்படாது. கடிகாரம் பார்க்க வேண்டியதுகூட இல்லை. தரையில் விழும் நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால், அது தோலுக்கு ஆகாத வேளை.

காய்கறி வாங்குவது, கோட்டைப் பூங்காவில் நடைப்பயிற்சி, பிள்ளைகளின் விளையாட்டு போன்றவற்றுக்கு இந்த வழி கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் வேலூரின் பெரும்பாலான வெளிவேலைகள் நம் விருப்பப்படி நகர்வதில்லை. மருத்துவமனைச் சீட்டில் பதினொன்றரை மணி என்று போட்டிருந்தால் பதினொன்றரைதான். சித்தாள் வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவரிடம் பத்து மணிக்கு மேல் வெளியே போகாதீர்கள் என்று சொல்வது, கூலியை விட்டுவிடுங்கள் என்று சொல்வதற்குச் சமம். இந்த வழியின் மறைமுகச் செலவு அதுவே: நேரம் யார் கையில் இருக்கிறதோ அவருக்கு மட்டுமே இது இலவசம்.

இடையில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். காலை இளவெயிலில் நின்றால் வைட்டமின் டி கிடைக்கும் என்று பரவலாக நம்பப்படுகிறது. தோல் வைட்டமின் டி தயாரிக்கத் தேவையான புற ஊதா-பி, சூரியன் தாழ்ந்திருக்கும் ஏழு மணி வெயிலில் மிகக் குறைவு. இளவெயிலில் நடப்பது உடம்புக்கு நல்லது, தாராளமாக நடக்கலாம்; வைட்டமின் குறைபாட்டுக்கு இரத்தப் பரிசோதனையும் மருத்துவர் தரும் மருந்துமே நம்பகமான வழி.

## இரண்டாம் வழி: குடையும் நிழலும்

கறுப்புக் குடையைப் பற்றி நமக்கு இருக்கும் மரியாதை நியாயமானதே. அமெரிக்காவில் சாதாரண மழைக்குடைகளை வெயிலில் பிடித்து அளந்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், எல்லாக் குடைகளும் நேரடிப் புற ஊதாக் கதிரில் முக்கால் பங்குக்கு மேல் தடுத்தன; கறுப்புக் குடைகள் ஏறக்குறைய எல்லாமே 90 விழுக்காட்டுக்கு மேல் தடுத்தன. லாங் பஜாரில் வாங்கும்போது குடையை விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கம்பி முனைகளில் துணி தைக்கப்பட்ட இடத்தில் ஊசித் துளைகளாக ஒளி தெரிந்தால் பரவாயில்லை. துணி முழுவதுமே சல்லடையாகத் தெரிந்தால் அது மழைக்கும் உதவாது, வெயிலுக்கும் உதவாது. பூப்போட்ட வெளிர்நிறக் குடைகளைவிட உள்பக்கம் கறுப்போ வெள்ளிப் பூச்சோ உள்ளவை மேல்.

அதன் குறை கீழேயிருந்தும் பக்கத்திலிருந்தும் வருகிறது. புற ஊதாக் கதிரில் கணிசமான பங்கு சூரியனிலிருந்து நேராக வராமல், வானத்தில் சிதறி எல்லாத் திசையிலிருந்தும் வருகிறது. அமெரிக்காவில் ஏரிக்கரை மணலில் நடத்தி 2017இல் வெளியான மற்றோர் ஆய்வில், பெரிய கடற்கரைக் குடையின் கீழ் மூன்றரை மணி நேரம் உட்கார்ந்தவர்களில் 78 விழுக்காட்டினருக்குத் தோல் வெந்து சிவந்தது. குடையில்லாமல் எஸ்பிஎஃப் (பூச்சின் தடுப்புத் திறனைக் காட்டும் எண்) 100 உள்ள சன்ஸ்கிரீன் மட்டும் பூசியவர்களில் 25 விழுக்காட்டினருக்கே சிவந்தது. பத்து நிமிட நடைக்குக் குடை அருமையான துணை. ஒரே குடைக்கடியில் நாள் முழுவதும் உட்கார்ந்து பூவும் நுங்கும் விற்பவருக்கு அது பாதிப் பாதுகாப்பு. மரநிழலுக்கும் இதே கணக்குதான்: அடர்ந்த புளியமரத்தடியும் நாலு இலை உள்ள முருங்கையின் நிழலும் ஒன்றாகா.

குடையின் உண்மையான தடை கூச்சம். மழையில்லாத நாளில் குடை பிடித்துப் போகும் ஆணை நம் தெருக்கள் இன்னும் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கின்றன. பெரியவர்களுக்குக் கிடைக்கும் விலக்கு இளைஞர்களுக்குக் கிடைப்பதில்லை. ஒரு கை போய்விடுவதும் தொல்லை. பை, குழந்தை, கைபேசி மூன்றோடும் குடை சேராது. இருசக்கர வண்டியில் குடை பிடிப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம், பின்னால் உட்கார்ந்தவர் விரித்த குடை காற்றில் திரும்பினால் வண்டியே சாயும்.

## மூன்றாம் வழி: துணி

என் கணிப்பில் வேலூர் வெயிலுக்கு முதல் இடம் துணிக்கு. ஒருமுறை உடுத்தினால் மாலை வரை அப்படியே இருக்கும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியதில்லை, வியர்த்தால் வழிந்து கண்ணில் எரிவதில்லை. ஆனால் எல்லாத் துணியும் ஒரே துணியல்ல.

துணியின் தடுப்பை யூபிஎஃப் என்ற எண்ணால் அளக்கிறார்கள். 50 என்றால் ஐம்பதில் ஒரு பங்கு கதிர் மட்டுமே உள்ளே போகிறது. மெல்லிய வெள்ளைப் பருத்தி பனியன் துணிக்கு இந்த எண் ஐந்தை ஒட்டித்தான் இருக்கும், வியர்வையில் நனைந்தால் இன்னும் இறங்கிவிடும். நெருக்கமாக நெய்த ஜீன்ஸ் துணியோ மிக உயர்ந்த தடுப்பைத் தரும், அதை மே மாதத்தில் மேலுக்கும் கீழுக்கும் போட்டுக்கொள்வது யாராலும் ஆகாது. இரண்டுக்கும் நடுவில் நமக்கு வேண்டிய துணியைத் தேட வேண்டும். நெசவின் நெருக்கம் முதலில், நிறம் அடுத்து, கனம் அதற்கடுத்து. நிறம் கருமையானால் கதிர் அதிகம் தடுக்கப்படும், உடம்பும் அதிகம் சூடேறும். நடுத்தர நீலமோ செங்காவியோ நல்ல சமரசம்.

கடையில் எண் போட்டிருக்காது. அதற்கு எளிய சோதனை உண்டு. துணியை ஒற்றை அடுக்காகக் குழல்விளக்குக்கு நேரே பிடித்து, பின்னால் உங்கள் விரல்களை ஆட்டுங்கள். விரல்களை ஒவ்வொன்றாக எண்ண முடிந்தால் அது வெயில் துணி ஆகாது. நிழலாட்டம் மட்டும் தெரிந்தால் போதுமானது. இந்தச் சோதனையில் ஷிபான் துப்பட்டாவும் ஜார்ஜெட் முந்தானையும் உடனே தோற்றுவிடும், குடியாத்தம் பக்கத்தில் நெய்யும் கைத்தறி லுங்கித் துணி நன்றாகவே தேறும். வயல்வேலைக்குப் போகும் பெண்கள் சேலையின் மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டை முக்காடிட்டுக் கட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். கடையில் ஆயிரக்கணக்கில் விற்கும் வெயில் உடை செய்யும் வேலையை அந்தச் சட்டை செலவில்லாமல் செய்கிறது. ஒரே எச்சரிக்கை: சட்டை நைந்து, தோள்பட்டையில் நூல் தெரியும் அளவுக்குப் பழசானால் அதன் தடுப்பும் போய்விட்டது.

இருசக்கர வண்டிக்காரர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். காட்பாடியிலிருந்து இராணிப்பேட்டை வரை தினமும் போய்வருகிறவரின் முன்கை, வண்டிப் பிடியில் வைத்த வாக்கிலேயே மேல்நோக்கி வெயிலை வாங்குகிறது. அரைக்கைச் சட்டை முடியும் இடத்தில் கோடு கிழித்தாற்போல் இரண்டு நிறம். கைக்கடிகாரப் பட்டைக்கு அடியில் மூன்றாவது நிறம். இவர்களுக்குக் கைகளில் மாட்டும் நீண்ட உறைகள் நூறு, இருநூறு ரூபாய்க்குச் சாலையோரத்திலேயே கிடைக்கின்றன. விரல் வரை மூடுவதாகப் பார்த்து வாங்க வேண்டும், புறங்கைதான் முதலில் முதுமை காட்டும். தலைக்கவசத்தின் முன்தகடு பாலிகார்பனேட் என்றால் நிறமில்லாமல் இருந்தாலும் புற ஊதாக் கதிரை நன்றாகத் தடுக்கும். அதை உயர்த்திவிட்டு ஓட்டுகிறவருக்கு அந்த நன்மை இல்லை. துப்பட்டாவால் முகம் மூடுவதில் ஒரு பெரிய ஆபத்து உண்டு: நுனிகள் தளர்ந்து பறந்தால் பின்சக்கரத்தில் சிக்கும். முடிச்சிட்ட நுனியைச் சட்டைக்குள் செருகாமல் வண்டியைக் கிளப்பக் கூடாது.

தொப்பியில் கிரிக்கெட் தொப்பி நெற்றியையும் மூக்கையும் காக்கும், காதையும் பிடரியையும் விட்டுவிடும். சுற்றிலும் ஏழு, எட்டு சென்டிமீட்டர் விளிம்புள்ள தொப்பியே முழுமையானது. அதை அணியக் கூச்சப்படுகிறவர்களுக்குத் துண்டு இருக்கிறது. முண்டாசு கட்டினால் உச்சி மட்டும் மறையும், பின்புறம் தொங்கவிட்டுக் கட்டினால் பிடரியும் மறையும்.

துணியின் மறைமுகச் செலவு சூடும் வியர்வையும். முழுக்கச் செயற்கை இழையில் மூடிக்கொண்டால் வேர்க்குருவும், தொடை இடுக்கில் படையும் வரும். தண்ணீர் குடிக்காமல் மூடிக்கொண்டு வேலை செய்தால் தோல் பிழைக்கும், ஆள் மயங்கி விழுவார். நாற்பது டிகிரியைத் தாண்டும் நாள்களில் தளர்வான பருத்தியும் கையோடு ஒரு தண்ணீர்ப் புட்டியும் சேர்ந்தே துணி என்று கொள்ள வேண்டும்.

## நான்காம் வழி: சன்ஸ்கிரீன்

சன்ஸ்கிரீனுக்கு ஆதரவான சான்று வலுவானது. ஆஸ்திரேலியாவின் நாம்பூர் என்ற ஊரில் 1992இல் 1,621 பேரைக் கொண்டு தொடங்கிய ஆய்வில், நாள்தோறும் பூசியவர்களின் தோல் நாலரை ஆண்டுகளில் மற்றவர்களைவிட 24 விழுக்காடு குறைவாகவே மூப்படைந்திருந்தது. அவர்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலினர் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

எஸ்பிஎஃப் எண்ணைப் பற்றி ஒரு மயக்கம் இருக்கிறது. 30 உள்ளது புற ஊதா-பி கதிரில் சுமார் 97 விழுக்காட்டைத் தடுக்கிறது, 50 உள்ளது 98 விழுக்காட்டை. தாளில் வித்தியாசம் சிறிது. ஆனால் இந்த எண்கள் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற கனத்தில் பூசி அளக்கப்பட்டவை. நாம் பூசுவது பெரும்பாலும் அதில் பாதியோ கால் பங்கோதான். குறைவாகப் பூசும் வழக்கத்தைக் கணக்கில் கொண்டால் 50ஐ வாங்குவது புத்திசாலித்தனம். அதைவிட முக்கியம், புற ஊதா-ஏ தடுப்பைக் காட்டும் 'பிஏ' குறி. கூட்டல் குறிகள் மூன்று, நான்கு இருப்பதாகப் பாருங்கள். கறுப்பதும் மங்கு படர்வதும் பெரிதும் இந்தப் பக்கத்து வேலை.

இனி பணக் கணக்கு. முகத்துக்கும் கழுத்துக்கும் தேவையான அளவு, சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் நீளவாக்கில் பிதுக்கிய இரண்டு கோடுகள், ஏறத்தாழ ஒன்றேகால் கிராம். வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஒருமுறை, மதியம் ஒருமுறை என்றால் 50 கிராம் குழாய் இருபது நாளில் தீரும். நடுத்தர விலையில் குழாய் 400 ரூபாய் என்று கொண்டால் ஒருவருக்கு மாதம் அறுநூறு ரூபாய். இதோடு இரண்டு முன்கைகளுக்கும் புறங்கைகளுக்கும் சரியான அளவில் பூசுவதானால் ஒவ்வொரு முறையும் கூடுதலாக மூன்றரை கிராம் வேண்டும். அதே குழாய் ஐந்தாறு நாளில் காலி. கைக்குச் சட்டை, முகத்துக்குச் சன்ஸ்கிரீன் என்று நான் பிரிப்பதற்கு இந்தக் கணக்கே காரணம். ஒரே குழாயை மூன்று மாதம் வைத்திருக்கிறேன் என்று சொல்பவர் சிக்கனமாக இல்லை. போதுமான அளவு பூசவில்லை.

வெளியில் தெரியாத செலவுகள் இன்னும் உண்டு. வியர்வையிலும் துடைப்பிலும் பூச்சு போய்விடும், வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு எத்தனை பேர் அதைச் செய்வார்கள்? மே மாதத்தில் வண்டியின் இருக்கைக்கு அடியில் உள்ள பெட்டியில் குழாயை வைத்தால் சூட்டில் பிரிந்து, எண்ணெய் தனி, தண்ணீர் தனி என்று ஆகிவிடும். அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். பல சன்ஸ்கிரீன்களில் உள்ள அவோபென்சோன் என்ற பொருள் இரும்புச்சத்துள்ள தண்ணீரோடு சேர்ந்தால் துணியில் துருநிறக் கறையாகப் பிடிக்கும். ஆழ்குழாய்த் தண்ணீரில் வெள்ளைச் சட்டை துவைக்கும் வீடுகளில் கழுத்துப்பட்டையில் ஏறும் அந்தக் கறைக்கு இஸ்திரிக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை.

வகைகளில், துத்தநாக ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் கலந்தவை கண்ணில் எரிச்சல் குறைவு, ஒவ்வாமைத் தோலுக்கு ஏற்றவை. ஆனால் மாநிறத்தின் மேல் சாம்பல் பூத்தாற்போல் நிற்கும். மற்ற வகை தெரியாமல் கலந்துவிடும், வியர்வையோடு கண்ணில் இறங்கினால் எரியும். மங்கு உள்ளவர்கள் மட்டும் இரும்பு ஆக்சைடு கலந்த நிறப்பூச்சு வகையைத் தேட வேண்டும். கண்ணுக்குத் தெரியும் சாதாரண ஒளியே மாநிறத் தோலில் மங்கைக் கூட்டும், அதை மற்ற சன்ஸ்கிரீன்கள் தடுப்பதில்லை.

## ஐந்தாம் வழி: வீட்டுப் பூச்சுகளும் வெளுப்புக் களிம்பும்

சந்தனம், கற்றாழை, தயிர் ஆகியவை வெயிலில் காய்ந்த தோலுக்கு இதம் தரும். கதிரைத் தடுக்கும் சுவராக அவற்றை நம்பி வெளியே போகக் கூடாது. தேங்காய் எண்ணெய்க்குக் கொஞ்சம் தடுப்பு உண்டு என்று சோதனைக்கூட அளவுகள் காட்டினாலும், அது சட்டைக் கழுத்தில் ஒட்டிக்கொள்ளும் நேரத்துக்குள் தீர்ந்துபோகும் அளவே. எலுமிச்சைச் சாறு மட்டும் நேரடியாகவே கெடுதல்: சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமும் மாதக்கணக்கில் போகாத கருங்கறையும் வரும். கோடையில் சாறு கடையில் நாள் முழுவதும் பழம் பிழிகிறவர்கள் கையைக் கழுவிவிட்டே வெயிலுக்கு வர வேண்டும்.

இவற்றைவிடப் பயப்பட வேண்டியது, அக்கம்பக்கத்தார் பரிந்துரையில் சீட்டில்லாமல் வாங்கும் வெளுப்புக் களிம்பு. பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. முதல் சில வாரம் முகம் பளபளக்கும், அதுதான் பொறி. பிறகு தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, பரு பூத்து, களிம்பை நிறுத்தினால் முகமே எரியும். வெயிலைத் தாங்கும் சக்தியும் முன்பைவிடக் குறையும். முப்பது, நாற்பது ரூபாய்க்குக் கிடைக்கிறது என்பதால் இது மலிவு என்று தோன்றலாம், ஆனால் இந்தப் பட்டியலிலேயே விலை அதிகமானது இதுதான்.

## ஒரே பார்வையில்

| வழி | தடுப்பு | நீடிப்பு | செலவு | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|
| நேரத்தை நகர்த்துவது | மிக அதிகம் | நாள் முழுவதும் | இல்லை | கூலி, சந்திப்பு நேரம் |
| கறுப்புக் குடை | நேர் வெயிலுக்கு அதிகம், சிதறிய கதிருக்குக் குறைவு | பிடிக்கும் வரை | சில நூறு ரூபாய், ஆண்டுகளுக்கு | ஒரு கை, கூச்சம் |
| நெருக்கமான நெசவுத் துணி | அதிகம் | நாள் முழுவதும். நனைந்தால் குறையும் | கைவசம் இருப்பதே போதும் | சூடு, வேர்க்குரு |
| சன்ஸ்கிரீன் | சரியான அளவில் பூசினால் அதிகம் | சுமார் இரண்டு மணி நேரம் | முகத்துக்கு மட்டும் மாதம் 600 ரூபாய் அளவில் | மறுபூச்சு, கறை, சூட்டில் கெடுவது |
| வீட்டுப் பூச்சு | நம்ப முடியாது | மிகக் குறைவு | சிறிது | எலுமிச்சையால் கருங்கறை |

## யாருக்கு எது

மருத்துவமனைக்கோ கடைத்தெருவுக்கோ அவ்வப்போது நடந்து போகிறவருக்குக் குடை ஒன்றே போதும். சன்ஸ்கிரீனுக்கு மாதாமாதம் செலவழிக்க வேண்டிய தேவை இல்லை. கல்லூரிக்கும் அலுவலகத்துக்கும் இருசக்கர வண்டியில் போகிறவருக்குக் கை உறையும், மூடிய முன்தகடும், காலையில் ஒருமுறை பூசிய சன்ஸ்கிரீனும் பொருத்தம். மதிய உணவுக்கு வெளியே போகாதவர் மாலை கிளம்பும் முன் இரண்டாம் முறை பூசினால் போதும். வயலிலும் கட்டடத்திலும் நாள் முழுவதும் நிற்பவருக்குச் சன்ஸ்கிரீன் பரிந்துரைப்பதை நான் நேர்மையான அறிவுரையாகக் கருதவில்லை. அவருக்கு முழுக்கைச் சட்டை, பிடரி மறையக் கட்டிய துண்டு, முடிந்தால் கண்ணுக்கு வெயில் கண்ணாடி. வேலை தருபவர் பன்னிரண்டு முதல் மூன்று வரை ஓய்வு கொடுத்துக் காலை ஆறுக்கே வேலையைத் தொடங்கினால் எல்லாக் களிம்பையும்விட அது மேல். குழந்தைகளில், ஆறு மாதம் நிரம்பாதவர்களுக்கு நிழலும் துணியும் மட்டுமே.

மங்கு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் விதிவிலக்கு. இவர்களுக்கு வீட்டுக்குள் சன்னலோரம் உட்கார்ந்தாலும் கறை கூடலாம் என்பதால், நிறப்பூச்சுச் சன்ஸ்கிரீனும் தொப்பியும் இரண்டுமே வேண்டும். பேருந்தில் போகிறவர்கள் இருக்கையையாவது தேர்ந்தெடுக்கலாம்: டிசம்பரில் வேலூரிலிருந்து சென்னைக்குப் போகும் வண்டியில் வெயில் வலப்பக்கம் விழும், இடப்பக்கம் உட்காருங்கள்; ஜூன் மாதக் காலையில் சூரியன் வடகிழக்கில் இருப்பதால் கணக்கு தலைகீழாகும்.

## வெயிலின் மேல் பழி போடும் முன்

எதை வாங்குவது என்று முடிவெடுக்கும் முன், கறுத்ததற்குக் காரணம் வெயில்தானா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும். பிடரியிலும் அக்குளிலும் வெல்வெட்டைப்போல் தடித்துக் கறுப்பது பெரும்பாலும் உடல் எடையோடும் இன்சுலின் செயல்பாட்டோடும் தொடர்புடையது. அங்கே சன்ஸ்கிரீன் பூசுவது வீண், சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்வதே சரி. டாக்ஸிசைக்கிளின் போன்ற சில மாத்திரைகளும், இரத்த அழுத்தத்துக்குத் தரும் சில நீர்பிரிக்கும் மாத்திரைகளும் தோலை வெயிலுக்கு அதிகம் எதிர்வினை காட்டவைக்கும். மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல் எழுதித் தந்தவரிடம் கேட்க வேண்டும். இரு கன்னங்களிலும் மூக்கின் மேலும் வெயில் பட்டவுடன் சிவந்து, மூட்டுவலியும் சேர்ந்து வந்தால் அது களிம்புக் கடையில் தீரும் விஷயமல்ல.

வெளிறிய திட்டு ஒன்று தோன்றி, வெயில் தேமல் என்று விட்டுவைத்திருக்கிறவர்கள், கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்தைப் பஞ்சு நுனியால் தொடச் சொல்லிப் பாருங்கள். தொடுவது தெரியாமல் மரத்திருந்தால் அது தொழுநோயின் தொடக்கமாக இருக்கலாம். காட்பாடிக்கு அருகில் கரிகிரியில் இந்த நோய்க்கென்றே 1955இல் தொடங்கப்பட்ட மையம் இருக்கும் மாவட்டத்தில் வாழ்ந்துகொண்டு, மாதக்கணக்கில் மஞ்சள் பூசிக் காத்திருக்கத் தேவையில்லை. கூட்டு மருந்துச் சிகிச்சை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ சாப்பிட வேண்டியிருக்கும்.